ஸ்க்ரூ கழண்டுடுச்சா? முதுகெலும்பு ஆபரேஷன் முடிஞ்சு பத்தாவது வாரத்துல ஒருத்தர் கேட்ட கேள்விகள்

வாசகர் எழுதினது, கொஞ்சம் சுருக்கி, ஆளு யாருன்னு தெரியாதபடி மாத்தி போடறேன்:

"வணக்கம் டாக்டர். வயசு 47. குடோன்ல சரக்கு ஏத்தி இறக்கற வேலை. ரெண்டு வருஷமா இடது கால்ல வலி, கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கனத்துப்போய் எங்கயாவது உக்காந்தாகணும். எலும்பு முன்னாடி நகர்ந்து நரம்பை நெரிக்குதுன்னு சொல்லி எல்4-எல்5ல, அதாவது இடுப்புப் பக்கத்து நாலாவது அஞ்சாவது முள்ளெலும்புல, ஃப்யூஷன் பண்ணாங்க, ரெண்டு எலும்பையும் ஒண்ணா ஒட்ட வெக்கிற ஆபரேஷன், நாலு ஸ்க்ரூ, ரெண்டு ராடு. பண்ணி 10 வாரம் ஆச்சு. மயக்கம் தெளிஞ்ச அன்னிக்கே கால் வலி போயிடுச்சு, சந்தோஷத்துல அழுதுட்டேன். நாலாவது வாரம் நரம்பு மாத்திரையை நிறுத்திட்டேன், ரொம்ப நாள் சாப்பிட்டா பழகிடும்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார். அஞ்சாவது வாரத்துலேர்ந்து ராத்திரி ஆனா பாதம் எரியுது, தூக்கமே இல்ல, கட்டைவிரல் மரத்தே கிடக்கு. புரளும்போது முதுகுல டக்குனு ஒரு சத்தம், ஸ்க்ரூ கழண்டுடுச்சோன்னு பயம். ரிவ்யூல கேட்டேன், எக்ஸ்ரேவ பாத்துட்டு 'எல்லாம் நார்மல்'னு அனுப்பிட்டாங்க. போன வாரம் ஒரு நாள் உடம்பு நல்லா இருக்கேன்னு ஒரு மணி நேரம் நடந்தேன், அடுத்த மூணு நாள் எந்திரிக்கவே முடியல. என் வீட்லதான் உள்ளாடை முதக்கொண்டு மாட்டி விடறா, அவ முகத்தைப் பாக்க முடியல. விட்டிருந்த சிகரெட் திரும்ப ஒட்டிக்கிச்சு, நாளைக்கு நாலஞ்சு ஆகுது. காரணமே இல்லாம அழுகை வருது. ஆபரேஷன் ஃபெயிலா? பண்ணியிருக்கவே கூடாதா? எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல அதுக்கு கீழ எல்5-எஸ்1லயும் பல்ஜ்னு, எலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு இருக்கு, அடுத்து அதுவும் போயிடுமா?"

இதுக்கு கீழ இன்னொரு வரி எழுதிட்டு "இது வேணாம், விட்டுடுங்க"ன்னு போட்டிருந்தார். விடல, அதுக்கும் கடைசில பதில் இருக்கு.

வணக்கம் சார்.

நான் டாக்டர் இல்ல, பிசியோதெரபிஸ்ட். முதுகெலும்பு ஆபரேஷன் ஆனவங்களை மறுநாள் காலைல கட்டில்லேர்ந்து எழுப்பி நிக்க வெக்கிறதுலேர்ந்து அவங்க திரும்ப வேலைக்குப் போற வரைக்கும் கூடவே இருக்கிற வேலை, பத்தொம்பது வருஷமா இதுதான். அதனால நான் சொல்றதை ஒரு பிசியோ சொல்றதா எடுத்துக்கோங்க, உங்க முதுகை திறந்து பாத்தவர் உங்க சர்ஜன்தான், ரெண்டும் முட்டிக்கிச்சுன்னா அவர் சொல்றதுதான் முடிவு.

மத்ததுக்கு போறதுக்கு முன்னாடி சில கேள்வி, இதுல ஒண்ணுக்காவது ஆமான்னு பதில் வந்தா இதை படிக்கிறத நிறுத்திட்டு கிளம்பிடுங்க. ஒண்ணுக்கு வர்ற உணர்வே தெரியலையா, இல்ல முக்கி முக்கியும் வரலையா? ரெண்டுக்கு தெரியாமலே போயிடுதா? உக்கார்ற இடம், தொடை இடுக்கு, பிறப்புறுப்பு சுத்தி மரத்துப்போயிருக்கா? ரெண்டு காலும் சேந்து பலம் குறையுதா, இல்ல பாதத்தை தூக்க முடியாம நடக்கும்போது முன்பாதம் தரையில தேயுதா? இதெல்லாம் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் எமர்ஜென்சிதான், காலைல பாத்துக்கலாம்னு விடக்கூடாத விஷயம். அதே மாதிரி தையல் போட்ட இடத்துல சீழோ தண்ணியோ கசியறது, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல், உக்காந்தா மண்டை பிளக்குது படுத்தா சரியாகுதுங்கற மாதிரி தலைவலி, ஒரு பக்கம் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது, இதுக்கெல்லாம் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு பேசிடணும். திடீர்னு மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குதுன்னா பேசிட்டு எல்லாம் இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி. உங்க கடிதத்துல இதுல எதுவும் இல்ல. ஆனா எழுத மறந்திருக்கலாம், ஒண்ணுக்கு ரெண்டுக்கு விஷயத்தை கூச்சப்பட்டு சொல்லாம விட்டவங்களை நான் நிறைய பாத்திருக்கேன், அதான் முதல்லயே கேட்டுட்டேன்.

இப்ப உங்க கடிதத்துக்கு வரேன். நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, நாலாவது வாரம் மாத்திரையை நிறுத்தினேன், அஞ்சாவது வாரம் எரிச்சல் ஆரம்பிச்சுது. ரெண்டையும் அடுத்தடுத்த வரியில எழுதிட்டு ஆபரேஷன் ஃபெயிலான்னு கேக்கறீங்க. நரம்பு மாத்திரைன்னு நீங்க சொல்றது பெரும்பாலும் ப்ரீகாபலினோ காபாபென்டினோவா இருக்கும், அட்டையில பேரை பாத்துக்கோங்க. ரெண்டு வருஷம் நெரிஞ்சு கிடந்த நரம்பு, அழுத்தம் எடுத்த உடனே அமைதியாகாது, அது பாட்டுக்கு தப்புத் தப்பா சிக்னல் அனுப்பிக்கிட்டு இருக்கும், அந்த சத்தத்தை குறைச்சு வெக்கத்தான் அந்த மாத்திரை. படிப்படியா டோஸ் குறைச்சுத்தான் நிறுத்தணும், சட்டுனு விட்டா தூக்கம் போறது, படபடப்பு, வேர்வை, வலி கூடறது எல்லாம் வரும். உங்களுக்கு எரிச்சல் வந்ததுக்கு இது மட்டும்தான் காரணம்னு இங்க உக்காந்துக்கிட்டு நான் சொல்ல முடியாது, ஆனா உங்க சர்ஜனுக்கு இது தெரியுமா? ரிவ்யூல சொன்னீங்களா? கடிதத்தை படிச்சா சொல்லலன்னுதான் தோணுது. அதுக்காக வீட்ல மிச்சம் இருக்கற மாத்திரையை பழைய டோஸ்லயே நீங்களா மறுபடி ஆரம்பிச்சுடாதீங்க, தலை சுத்தி விழுந்தீங்கன்னா அது வேற வம்பு. போன் பண்ணி, இந்த தேதியில நானா நிறுத்திட்டேன், இந்த தேதியிலேர்ந்து எரியுதுன்னு ரெண்டே வரி சொல்லுங்க. தெரிஞ்சவர் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், ஆனா அவருக்கு நரம்பு எரியலயே.

'எல்லாம் நார்மல்'னு சொன்னாங்கன்னு எழுதியிருந்தீங்க, அந்த வரியில இருந்த கோபம் எனக்கு புரியுது. அதே வார்த்தையை நானும் வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு இருந்தவன்தான். ஒரு அம்மா, டிஸ்க் ஆபரேஷன் ஆனவங்க, மூணாவது தடவை நான் நார்மல்னு சொன்னப்ப, "தம்பி, உனக்கு நார்மல், எனக்கு இதான் முதல் தடவை"ன்னாங்க. அன்னியோட அந்த வார்த்தையை தனியா சொல்றத விட்டுட்டேன். டாக்டர் நார்மல்னா அவர் சொல்றது ஸ்க்ரூ இருக்கற இடத்துல இருக்கு, எலும்பு நேரா இருக்கு, இன்ஃபெக்‌ஷன் இல்ல, அவ்வளவுதான். நீங்க கேட்டது அது இல்ல, இந்த எரிச்சலும் பயமும் என்னிக்கு போகும்னு. அதுக்கு எக்ஸ்ரேல பதில் கிடையாது. ஆபரேஷன் சில மணி நேரத்துல முடிஞ்சிடுது, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தப்புறம் இருக்கற மாசக்கணக்கான வேலையை யாரும் உக்காந்து சொல்லித் தர்றதில்ல, அங்கதான் நீங்க இப்ப தனியா மாட்டிக்கிட்டு இருக்கீங்க. உங்க கிட்ட குறை ஒண்ணும் இல்ல, தகவல் வந்து சேரல.

சரி, சேர வேண்டியதை சொல்றேன்.

இந்த ஆபரேஷனை முக்கியமா பண்ணினது காலுக்காக. அதனால கணக்கும் காலை வெச்சுத்தான் பாக்கணும். முன்னாடி எவ்வளவு தூரம் நடந்தா உக்காருவீங்க, இப்ப? போன வாரம் ஒரு மணி நேரம் நடந்திருக்கீங்க சார், அது தப்பான காரியம்தான், அதை அப்புறம் திட்டறேன், ஆனா கொஞ்ச தூரத்துல உக்காந்த ஆளு ஒரு மணி நேரம் நடந்தார்னா நரம்புக்கு இடம் கிடைச்சிருக்குன்னு அர்த்தம். முதுகு வலிக்கறது வேற கதை. அங்க எலும்பு மேல ஒட்டியிருந்த தசையை ஒதுக்கித்தான் உள்ள போறாங்க, அது ஆறி பழைய பலத்துக்கு வர மாசக்கணக்கு ஆகும். சாயங்காலமானா இடுப்பு இறுகிப்போறதெல்லாம் 10 வாரத்துல எதிர்பாக்க வேண்டியதுதான்.

கட்டைவிரல் மரத்திருக்கறது எல்5 நரம்போட ஏரியா, பாதத்தோட மேல்பக்கமும் கட்டைவிரலும் அதுக்குள்ளதான் வரும். நரம்பு சரியாகறதுல பொதுவா ஒரு வரிசை உண்டு, முதல்ல வலி போகும், அப்புறம் மெதுவா பலம் வரும், மரத்துப்போனது எல்லாத்துக்கும் கடைசி. நரம்பு இழையே சேதமாயிருந்தா அது திரும்ப வளர்ற வேகம் நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர், இடுப்புலேர்ந்து கட்டைவிரல் வரைக்கும் எவ்வளவு தூரம்னு ஒரு டேப் வெச்சு அளந்து பாருங்க, அப்ப புரியும் ஏன் பொறுமையா இருக்க சொல்றோம்னு. எல்லாருக்கும் இழை அந்தளவுக்கு அறுபட்டிருக்காது, மேல் உறை மட்டும் நசுங்கினவங்களுக்கு சீக்கிரமே சரியாகும். ஒரு வருஷம், அதுக்கு மேலயும் கொஞ்சம் கொஞ்சமா முன்னேற்றம் வர்றவங்க உண்டு. கொஞ்சம் மரப்பு கடைசி வரைக்கும் தங்கிடறவங்களும் உண்டு, அதையும் மறைக்காம சொல்லிடறேன். அந்த விரல்ல சூடு, முள்ளு குத்தறது தெரியாது, அதனால வெறுங்கால்ல நடக்காதீங்க, காலுக்கு சுடுதண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி கையால தொட்டு பாருங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி பாதத்தை ஒரு தடவை வீட்ல பாக்க சொல்லுங்க.

அடுத்தது அந்த டக்கு சத்தம். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கற மாதிரி, முதுகுல இரும்பு இருக்குன்னு தெரிஞ்சவனுக்கு எல்லா சத்தமும் ஸ்க்ரூ சத்தம்தான். எங்கிட்ட வர்ற ஃப்யூஷன் கேஸ்ல இதை கேக்காத ஆளே கிடையாது, முதல் வாரத்துல கேக்க வெட்கப்படுவாங்க, ஆறாவது வாரத்துல மெதுவா காதுகிட்ட வந்து கேப்பாங்க. அது இரும்பும் இல்ல, பெரும்பாலும் டைட்டேனியம். பேரு ஸ்க்ரூன்னாலும் கதவுல போடற மாதிரி மேலாப்புல நிக்கற சாமான் இல்ல, முள்ளெலும்போட பின்பக்கத்துலேர்ந்து அதே எலும்போட முன்பக்க பருத்த பகுதி வரைக்கும் ஆழமா இறங்கியிருக்கு. புரளும்போது வர்ற சத்தம் பெரும்பாலும் தசைநாரோ மத்த ஜாயின்ட்டோ நகர்ற சத்தம், வலியோட சேராத சத்தத்தை கண்டுக்காதீங்க. ஸ்க்ரூ லூஸ் ஆச்சுன்னா பொதுவா சத்தத்தை விட வலிதான் காட்டிக்கொடுக்கும், நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போற, எந்திரிச்சா அசைஞ்சா ஏறி படுத்தா அடங்கற முதுகு வலி, அப்ப எக்ஸ்ரேவோ சிடி ஸ்கேனோ எடுத்து பாப்பாங்க. உங்க எக்ஸ்ரேவ பாத்தாச்சு, ஸ்க்ரூ இடத்துல இருக்கு.

இன்னொரு விஷயம், உண்மையில உங்க முதுகை நிரந்தரமா தாங்கப்போறது ஸ்க்ரூவே இல்ல. 1911ல நியூயார்க்ல ஹிப்ஸ், ஆல்பீன்னு ரெண்டு டாக்டருங்க தனித்தனியா முதுகெலும்பை ஒட்ட வெச்சு காட்டினாங்க, முதுகெலும்புல டிபி வந்தவங்களுக்கு. அப்ப ஸ்க்ரூவும் கிடையாது ராடும் கிடையாது, எலும்பு எலும்போட ஒட்டற வரைக்கும் நோயாளி அசையாம கிடக்கணும். இன்னிக்கு நீங்க ஆபரேஷன் ஆன மறுநாளோ அதுக்கு மறுநாளோ எந்திரிச்சு நடந்தீங்கன்னா அதுக்கு காரணம் ஸ்க்ரூ, அது சாரம் மாதிரி, கட்டிடம் இறுகற வரைக்கும் பிடிச்சுக்கும். கட்டிடம்ங்கறது நீங்க வளத்தாக வேண்டிய எலும்பு. அது நல்லா இறுக ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் ஆகும், 10 வாரம்ங்கறது சிமென்ட் இன்னும் ஈரமா இருக்கற நேரம்.

அதனாலதான் சிகரெட் விஷயத்துல மட்டும் நான் நயமா பேச மாட்டேன். ரத்தக்குழாயை சுருக்கறது, எலும்பு வளக்கற செல்லோட வேலையை கெடுக்கறது, ரெண்டையும் நிகோடின் பண்ணும். புகைக்கறவங்களுக்கு எலும்பு ஒட்டாம போற வாய்ப்பு கூடுதல்ங்கறது இந்த துறையில சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். ஸ்க்ரூ கழண்டுடுமோன்னு ராத்திரி முழுக்க முழிச்சிருக்கீங்க, ஸ்க்ரூ நிஜமாவே கழலணும்னா எலும்பு ஒட்டாம இருந்தாத்தான் சுலபமா கழலும், அதுக்கு வழி பண்றது அந்த நாலஞ்சு சிகரெட். திட்டறதுக்காக சொல்லல, தூக்கம் இல்லாம வலியோட பயத்தோட இருக்கற ஆளுக்கு கை அதுக்குத்தான் போகும்னு தெரியும். அதை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, விட உதவி கேளுங்க, நிகோடின் பேட்ச் சூயிங்கம் எல்லாம் நீங்களா வாங்காதீங்க, அதுலயும் நிகோடின்தானே, அவர்கிட்ட கேட்டுட்டு. கடையில கேட்டு வாங்கற வலி மாத்திரையும் அப்படித்தான், சில வகை வீக்கம் குறைக்கற மாத்திரைகளை ஃப்யூஷனுக்கு அப்புறம் கொஞ்ச காலம் வேணாம்னு சொல்ற சர்ஜன்கள் உண்டு.

எல்5-எஸ்1 பல்ஜுக்கு ரொம்ப நேரம் செலவு பண்ண மாட்டேன். முதுகு வலியே இல்லாதவங்க மூவாயிரம் பேருக்கு மேல ஸ்கேன் பண்ணின பல ஆராய்ச்சிகளை சேத்து 2015ல ஒரு கணக்கு போட்டாங்க, 20 வயசுக்காரங்கள்ல 30 சதவீதம், 50 வயசுல 60 சதவீதம், 80 வயசுல 84 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருந்துச்சு. திரும்ப சொல்றேன், வலியே இல்லாதவங்க. தலை நரைக்கற மாதிரிதான் அது. ஒரு லெவல் ஒட்டினா பக்கத்து லெவலுக்கு வேலை கூடும்ங்கறது உண்மை, வருஷங்கள் போனப்புறம் சிலருக்கு அங்க தொந்தரவு வர்றதும் உண்டு, அதுக்கு இப்பலேர்ந்து பயந்து பிரயோஜனம் இல்ல, எடையும் தசை பலமும்தான் உங்க கையில இருக்கு. ரிப்போர்ட்டை எடுத்து பீரோவுல வெச்சுடுங்க.

இப்ப திட்ட வேண்டியதுக்கு வரேன், அந்த ஒரு மணி நேர நடை. நல்லா இருக்கற நாள்ல விட்டதெல்லாம் பிடிச்சிடணும்னு ஓடறது, அப்புறம் மூணு நாள் படுக்கறது, படுத்திருக்கும்போது போச்சு எல்லாம் போச்சுன்னு நினைக்கிறது, கொஞ்சம் தேறினதும் மறுபடி ஓடறது. இந்த சுத்துல மாட்டினவங்களுக்கு மூணு மாசம் ஆனாலும் ஒரு முன்னேற்றமும் தெரியாது. இன்னும் சில பேர் இருக்காங்க, சூடு கண்ட பூனை மாதிரி, ஒரு தடவை வலிச்சதும் அசையறதையே நிறுத்திடுவாங்க, அது இதை விட மோசம். நீங்க பண்ண வேண்டியது, உங்க மோசமான நாள்ல எத்தனை நிமிஷம் நடக்க முடியுதுன்னு பாருங்க, பன்னண்டு நிமிஷம்னு வெச்சுக்குவோம், அப்ப பத்து நிமிஷம், நாளைக்கு மூணு வேளை. நல்ல நாள்லயும் பத்துதான், மோசமான நாள்லயும் பத்துதான். வலியை கேட்டு நடக்காதீங்க, கடிகாரத்தை கேட்டு நடங்க. நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை ரெண்டு நிமிஷம் கூட்டுங்க. நடந்துட்டு வந்து வலி கூடி மறுநாளைக்குள்ள பழைய நிலைக்கு வந்துட்டா அளவு சரி, ஒரு நாளைத் தாண்டியும் இழுத்தா கொஞ்சம் ஜாஸ்தின்னு அர்த்தம், குறைச்சுக்கோங்க, அவ்வளவுதான், எதுவும் உடையல. நல்லா இருக்கற நாள்ல பத்து நிமிஷத்தோட வீட்டுக்கு திரும்பறது இருக்கே, அதுதான் கஷ்டம், வலியோட நடக்கறது கூட அவ்வளவு கஷ்டம் இல்ல.

வீட்ல மாட்டி விடறாங்கன்னு எழுதின இடத்துல நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். மூட்டை தூக்கி சம்பாதிச்ச மனுஷனுக்கு கால்சட்டைக்குள்ள காலை விட இன்னொருத்தர் வேணும்னா அது வலியை விட பெரிய வலி. ஆனா பாருங்க, 10 வாரத்துல அந்த வேலையை நீங்களே பண்ண முடியும்னுதான் நினைக்கிறேன், யாரும் வழி காட்டித் தரல. முதுகுக்கு ஆதரவா நாற்காலில உக்காருங்க, நீளமான கைப்பிடி வெச்ச கிடுக்கி ஒண்ணு கிடைக்கும், கீழ விழுந்ததை எடுக்கறதுக்கு விக்கிறது, அதால உள்ளாடையை பிடிச்சு தரையில விரிச்ச மாதிரி வெச்சு, முதல்ல இடது காலை, அதான் ஆபரேஷனுக்கு முன்னாடி வலிச்ச காலை நுழைங்க, அப்புறம் வலது, முட்டி வரைக்கும் கிடுக்கியால இழுத்து அதுக்கு மேல கையால ஏத்தி எந்திரிச்சு நின்னு சரி பண்ணிக்கோங்க. கழட்டும்போது தலைகீழ், நல்ல கால் முதல்ல. முதல் நாள் பத்து நிமிஷம் ஆகும், கெட்ட வார்த்தை வரும். ரெண்டு வாரத்துல பழகிடும். செருப்புக்கு குனியாம மாட்டற மாதிரி வார் இல்லாதது போதும், ஆனா குதிகால் வழுகக் கூடாது.

அப்புறம் உங்க வீட்டுக்காரம்மா உங்களை கையைப் பிடிச்சு இழுத்துத்தான் எழுப்பறாங்கன்னு நான் பந்தயம் கட்டறேன். நிறுத்திடுங்க, உங்களுக்கும் முறுக்கும், அவங்க இடுப்பும் போகும், அப்புறம் வீட்ல ரெண்டு பேஷன்ட். ஆஸ்பத்திரில சொல்லித் தந்திருப்பாங்க, முட்டியை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே கட்டையா ஒருக்களிச்சு, காலை கட்டிலுக்கு வெளிய தொங்க விட்டுக்கிட்டே கையை ஊணி எந்திரிக்கிறது. அந்த டக்கு சத்தமும் இதுல குறையும் பாருங்க. தூங்கும்போது ஒருக்களிச்சா முட்டிகளுக்கு நடுவுல தலகாணி, மல்லாந்தா முட்டிக்கு அடியில.

அவங்க முகத்தைப் பாக்க முடியலன்னு எழுதினீங்க, அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு எழுதல, கேக்கல போல. நான் ஆஸ்பத்திரில பாக்கறது, பேஷன்ட்டை எப்படி இருக்கீங்கன்னு பத்து பேர் கேப்பாங்க, பக்கத்துல நிக்கறவங்களை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அவங்க நல்லா தூங்கி எத்தனை நாளாச்சு? வாரத்துல ஒரு அரை நாளாவது அவங்களை மாத்தி விட யாராவது வர முடியுமா, தம்பியோ மச்சானோ? வந்து நலம் விசாரிக்கறவங்க ஏதாவது உதவி வேணுமான்னு கேக்கறப்ப ஒண்ணும் வேணாம்னு சொல்லிடறோம்ல, இனிமே ஒரு வேலையை சொல்லுங்க, வியாழக்கிழமை ரிவ்யூவுக்கு கூட்டிட்டு போங்க, இந்த மூட்டையை மாடிக்கு ஏத்துங்கன்னு குறிப்பா. ஜனங்களுக்கு உதவ மனசு இருக்கு, என்ன செய்யணும்னுதான் தெரியறதில்ல.

அழுகைக்கு வருவோம். காரணமே இல்லாமன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு நாலு காரணம் தெரியுது. ராத்திரி தூக்கம் இல்ல, மாத்திரை சட்டுனு நின்னுருக்கு, சம்பளம் நின்னிருக்கும், சுத்தி இருக்கறவங்க ஆபரேஷன்தான் முடிஞ்சுதே இன்னும் என்னன்னு பாக்கறாங்க. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் மனசு விழறது ரொம்ப சகஜம், அதை கவனிக்காம விட்டா வலியும் இறங்காது, நடையும் ஏறாது, இது மனசு வேற முதுகு வேறன்னு பிரிக்கிற சமாச்சாரம் இல்ல, ரெண்டும் ஒரே நரம்பு மண்டலம்தான். ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் இப்படியே இருந்தா டாக்டர்கிட்ட வலி எவ்வளவுன்னு சொல்ற அதே குரல்ல இதையும் சொல்லுங்க. சில சமயம் ஒரே மாத்திரை எரிச்சலுக்கும் மனசுக்கும் சேத்து வேலை செய்யும், சில சமயம் பேசறதே போதும். இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி எண்ணம் ஒரு தடவை வந்தாலும், அன்னிக்கே வீட்லயும் டாக்டர்கிட்டயும் வாய் விட்டு சொல்லணும், இதுல ரிவ்யூ தேதி பாக்கறது கிடையாது.

ஃபெயிலான்னு கேட்டீங்களே, நீங்க போன்ல தேடிப் பாத்திருப்பீங்க, 'ஃபெயில்ட் பேக் சர்ஜரி சிண்ட்ரோம்'னு ஒரு பேர் வந்திருக்கும், அதை படிச்சுட்டுத்தான் இந்த வார்த்தையே வந்திருக்கும்னு தோணுது. நோயாளியும் தோத்தான் டாக்டரும் தோத்தாங்கற மாதிரி இருக்கற அந்த பேரை இப்ப கைவிட்டுக்கிட்டு வராங்க, அதுக்கு பதிலா பெர்சிஸ்டென்ட் ஸ்பைனல் பெயின் சிண்ட்ரோம்னு, அதாவது நீடிக்கிற முதுகெலும்பு வலின்னு, 2021ல புது பேர் முன்வெச்சாங்க. அது ஆபரேஷன் ஆறி முடிஞ்சு மாசக்கணக்கா வலி தங்கிட்டவங்களுக்கான பேரு, 10 வாரத்துல, கால் நடை கூடியிருக்கற ஒருத்தருக்கு ஒட்டற பேரே இல்ல. பண்ணியிருக்கவே கூடாதாங்கறதுக்கு ரெண்டு வருஷம் நீங்க நடந்த நடையே பதில் சொல்லும், கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை உக்காந்ததை மறந்துட்டீங்க, வலி போனதும் வலியோட நினைப்பும் போயிடும்.

தேடிப் பாக்கறதுல இன்னொரு சிக்கல், நல்லா ஆனவன் எழுதறதில்ல, அவன் வேலைக்கு போயிட்டான். கஷ்டத்துல இருக்கறவங்க கதைதான் ராத்திரி ரெண்டு மணிக்கு நம்ம கண்ணுல படும். அதுக்கு பதிலா உங்க சர்ஜன்கிட்டயோ அங்க இருக்கற பிசியோகிட்டயோ கேளுங்க, இதே ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷம் ஆன ஒருத்தர்கிட்ட, அவர் சம்மதிச்சா, பேச முடியுமான்னு. நான் என் பேஷன்ட்டுங்களை அப்படி சேத்து விடுவேன், நான் ஒரு மணி நேரம் விளக்கினது ஏறாத இடத்துல, "எனக்கும் அஞ்சாவது மாசம் வரைக்கும் எரிஞ்சுது"ன்னு அவங்க சொன்ன ஒரு வரி ஏறும். நிறைய பேருக்கு மருந்தைக் காட்டிலும் அதிகமா தேவைப்பட்டது இதுதான்.

வேலைக்கு அவசரப்படாதீங்கன்னு சொல்றது எனக்கு சுலபம், வீட்டு செலவு உங்களுது. இருந்தாலும் மேஜை வேலைக்கு திரும்பறவங்க கணக்கு உங்களுக்கு பொருந்தாது, மூட்டை தூக்கற வேலைக்கு மூணு மாசத்துலேர்ந்து ஆறு மாசம், சில பேருக்கு அதுக்கும் மேல, எக்ஸ்ரேல எலும்பு எப்படி ஒட்டுதுன்னு பாத்துட்டு சர்ஜன் சொல்லணும். முதலாளிகிட்ட போய் பழைய வேலையா, இல்ல ஒண்ணுமே இல்லயான்னு நிக்காதீங்க, சரக்கு எண்ணிக்கை, பில், கணக்கு எழுதறதுன்னு குடோன்லயே தூக்காத வேலை இருக்கும். டாக்டர் லெட்டர்ல 'லேசான வேலை'ன்னு போட்டா யாருக்கும் புரியாது, எத்தனை கிலோ வரைக்கும், ஒரே இடத்துல எவ்வளவு நேரம் நிக்கலாம் உக்காரலாம், எந்த தேதி வரைக்கும்னு நம்பரா எழுதி வாங்குங்க.

ரிவ்யூல கிடைக்கறது நாலு நிமிஷம்னா அந்த நாலு நிமிஷத்துக்கு தயாரா போகணும். ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதுங்க: மாத்திரை நிறுத்தின தேதி, எரிச்சல் வந்த தேதி, சிகரெட். இதுதான் முதல்ல, அவர் வாய் திறக்கறதுக்கு முன்னாடி நீட்டிடுங்க. அப்புறம் கேள்வி, எலும்பு ஒட்டுதான்னு எப்ப அடுத்த எக்ஸ்ரே, பெல்ட்டை எப்பலேர்ந்து குறைக்கலாம், எத்தனை கிலோ வரைக்கும் தூக்கலாம், வயிறு முதுகு பலப்படுத்தற எக்சர்சைஸ் என்னிக்கு ஆரம்பிக்கலாம், பிசியோவுக்கு ஒரு சீட்டு. உங்க வீட்டுக்காரம்மாவையும் உள்ள கூட்டிட்டு போங்க, பதட்டத்துல இருக்கறவனுக்கு பாதிதான் காதுல விழும், மீதியை அவங்க பிடிச்சுப்பாங்க.

இப்ப அந்த விட்டுட சொன்ன வரி, தாம்பத்தியம் பத்தி கேட்டது. உங்களை மாதிரி கேக்கறவங்க கம்மி, ஆனா கேக்க நினைக்காதவங்க யாருமில்ல, அதனால வெட்கப்பட ஒண்ணும் இல்ல. ஆறேழு வாரம் தாண்டி காயம் ஆறி, சாதாரணமா நடந்து படுத்து எந்திரிக்க முடிஞ்சா பெரும்பாலான சர்ஜன்கள் தாம்பத்தியத்துக்கு தடை சொல்றதில்ல, ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. நீங்க மல்லாந்து முட்டிக்கு அடியில தலகாணி வெச்சுக்கிட்டு, அசைவு அவங்க பக்கம் இருக்கட்டும், இல்ல ரெண்டு பேரும் ஒருக்களிச்சு. முதுகு வளையற மாதிரி, முறுக்கற மாதிரி எதுவும் இப்போதைக்கு வேணாம். ஆர்வமே வரலன்னாலும் கவலைப்படாதீங்க, வலி மாத்திரையும் தூக்கமில்லாததும் அதை குறைக்கும். விறைப்பே வரல, அந்த இடமே மரத்திருக்குன்னா மட்டும் அது நான் முதல்ல கேட்ட கேள்விகளோட சேர்ற விஷயம், காத்திருக்காதீங்க. மத்தபடி 10 வாரமா ஒருத்தர் நர்ஸாவும் இன்னொருத்தர் பேஷன்ட்டாவும் இருந்துட்டீங்க, சும்மா பக்கத்துல படுத்து பேசறதுலேர்ந்து ஆரம்பிங்க.

எழுத சொன்னா இன்னும் எழுதுவேன், ஆனா மாத்திரை விஷயம்தான் அவசரம். ரிவ்யூ வரைக்கும் அதை வெச்சிருக்காதீங்க, நாளைக்கு காலைல போன் பண்ணிடுங்க. கிடுக்கியால உள்ளாடை மாட்ட வந்துச்சா இல்லையான்னு ரெண்டு வாரம் கழிச்சு ஒரு வரி எழுதிப் போடுங்க.